குபேரன் பத்திரமும் முப்பத்தாறு கட்டங்களும்

திருமலையில் உண்டியல் என்றால் பூட்டுப் போட்ட பெட்டி இல்லை. மேலேயிருந்து கட்டித் தொங்கும் நீண்ட துணி, அதற்குள் பெரிய கொப்பரை. துணியின் வாயில் கையை விட்டுப் போட வேண்டும். என்ன விழுந்தது என்பது பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்பவருக்குக்கூடத் தெரியாது. ஒரு ரூபாய் நாணயமும் கழுத்துச் சங்கிலியும் ஒரே மாதிரிதான் உள்ளே போகின்றன. ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது இந்த வரவு. நாம் அதைக் காணிக்கை என்கிறோம். தலபுராணப்படி அது வட்டி.

கதை தெரிந்ததுதான். நாராயணவனத்து ஆகாசராஜன் மகள் பத்மாவதியைக் கல்யாணம் செய்துகொள்ளச் சீனிவாசனிடம் காசு இல்லை. குபேரனிடம் கடன் வாங்கினார். பிரம்மனும் சிவனும் சாட்சி, கூடவே ஒரு அரசமரமும் சாட்சி. தொகை ஒரு கோடியே பதினான்கு லட்சம் பொன். கலியுகம் முடியும் வரை வட்டி, முடிந்த பிறகு அசல். தெலுங்கில் அவரை 'வட்டி காசுலவாடு' என்று செல்லமாக அழைப்பார்கள். கீழ்த் திருப்பதியில் கோவிந்தராஜப் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார் அல்லவா? தம்பியின் கடனை அடைக்கக் காசை அளந்து அளந்து அலுத்துப்போய்த்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தக் கடனாளியின் சிபில் மதிப்பெண் என்னவாக இருக்கும்? கேலிக்குக் கேட்கவில்லை. விடையைத் தேடிப் போனால் கடன் அறிக்கை என்ற விசித்திரமான பொருளின் உள்ளே புகுந்துவிடலாம்.

மலைக்கு வாடகைக் கார் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் திருப்பதி பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்றால் இவர் சாயலில் பத்துப் பேரைப் பார்க்கலாம். 2019-ல் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு லட்சம் கடன் வாங்கினார். சாமியும் கல்யாணத்துக்குத்தானே வாங்கினார் என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பார்கள். மாதம் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தவணை, ஒழுங்காகக் கட்டினார். 2020 மார்ச் 20 அன்று கொரோனாவுக்காகத் திருமலை பக்தர்களுக்கு மூடப்பட்டது. ஜூன் மாதம்தான் மறுபடி திறந்தார்கள், அதுவும் எண்ணிவிட்ட கூட்டத்துக்கு. கூட்டம் இல்லாத திருப்பதியில் கார் ஓட்டுபவருக்கு என்ன வேலை? ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது, அந்த மாதங்களைக் குறையாக எழுதக் கூடாது என்றும் சொன்னது. செப்டம்பரில் தவணை திரும்ப ஆரம்பித்தது. சவாரி ஆரம்பிக்கவில்லை. இரண்டு மாதம் கைமாத்து வாங்கிக் கட்டினார். நவம்பரில் நின்றுபோயிற்று.

இப்போது அவர் அறிக்கையைத் திறப்போம். கடன் கணக்கு ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகச் சின்னக் கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று, அதிகபட்சம் முப்பத்தாறு. ஒவ்வொன்றிலும் மூன்று எழுத்தோ மூன்று இலக்கமோ இருக்கும். 000 என்றால் பாக்கி எதுவும் இல்லை. அந்த மாதத் தகவலை வங்கி அனுப்பவில்லை என்றால் மூன்று 'எக்ஸ்'. மற்ற எண்கள் தவணை நாள் கடந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைச் சொல்கின்றன. ஐந்தாம் தேதி தவணை என்றால் இவர் கட்டங்கள் இப்படி ஓடும்: நவம்பர் 025, டிசம்பர் 056, ஜனவரி 087, பிப்ரவரி 115. தொண்ணூறைத் தாண்டினால் வங்கிக்கு அது வாராக்கடன்.

அந்தக் கட்டத்தில் காரணம் எழுத இடம் கிடையாது. ஊர் முழுக்க மூடிக் கிடந்தது என்பதும் 056 தான், குடித்துத் தொலைத்தார் என்பதும் 056 தான்.

கட்டங்களை எண்ணாக மாற்றும் கணக்கில்தான் சுவாரசியம் இருக்கிறது. 300-லிருந்து 900 வரை போகும் அந்த மதிப்பெண் ஒருவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. சம்பளம் அதில் சேர்வதே இல்லை. நல்லவரா என்றும் கேட்பதில்லை. வரும் மாதங்களில் இவர் தொண்ணூறு நாள் பாக்கி வைக்கும் ஆளாக மாறுவாரா என்ற ஒரே கேள்விக்கு, இவரைப் போன்ற கட்டங்களைக் கொண்டிருந்தவர்கள் முன்பு என்ன செய்தார்கள் என்பதை வைத்து ஊகம் சொல்கிறது. கடன் முடிந்ததா என்பதுகூட அதற்கு இரண்டாம் பட்சம். நாள் கடந்ததா என்பதே முதல். அதனால்தான் குபேரனின் கடனாளி முதல் வரிசையில் நிற்பார். அசல் ஒரு பொன்கூடக் குறையவில்லை, கணக்கை முடிக்கும் உத்தேசமும் இந்த யுகத்தில் இல்லை. ஆனால் வட்டி நின்றதில்லை. கட்டங்கள் எல்லாம் 000. மறுபக்கம், வாழ்நாளில் ஒரு பைசா கடன் வாங்காத சித்தூர்ப் பாட்டிக்கு மதிப்பெண்ணே இருக்காது. சிபில் அறிக்கை மைனஸ் ஒன்று என்று காட்டும்.

மதிப்பெண் ஏன் லிஃப்டில் இறங்கி, மலைப்படியில் ஏறுகிறது? பதினாறு மாதம் ஒழுங்காகக் கட்டி வந்ததை ஒரே ஒரு தவறிய தவணை எப்படிச் சாப்பிட்டுவிடுகிறது? வங்கியின் கல்நெஞ்சம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது தகவலின் இயல்பு. 1948-ல் கிளாட் ஷானன் தகவலை அளக்க ஒரு வழி சொன்னார்: எதிர்பார்த்தது நடந்தால் செய்தி குறைவு, எதிர்பாராதது நடந்தால் செய்தி அதிகம். தினமும் வரும் பால்காரர் இன்றும் வந்தார் என்பது செய்தியில்லை. வரவில்லை என்பது செய்தி. நூறு தவணையில் 97 ஒழுங்காக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷானன் கணக்குப்படி, ஒழுங்காக வந்த ஒரு தவணை தரும் செய்தி ஒரு பிட்டில் சுமார் இருபத்து மூன்றில் ஒரு பங்கு. வராத தவணை தருவது ஐந்து பிட்டுக்கு மேல். ஒரு தவறு, நூற்றுப் பதினைந்து ஒழுங்குகளுக்குச் சமமான சத்தம் போடுகிறது. மாதம் ஒரு கட்டம் என்றால் ஒன்பதரை ஆண்டு! மதிப்பெண் நிறுவனங்கள் அப்படியே இந்தச் சூத்திரத்தைப் போடுவதில்லை, பழைய தவறின் எடையைக் காலப்போக்கில் குறைக்கவும் செய்கின்றன. ஆனாலும் சரிவு செங்குத்தாகவும் ஏற்றம் சாய்வாகவும் இருப்பதற்கு அடியில் கிடப்பது இதுதான்.

எண்களுக்கிடையே இருக்கும் தூரமும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. பரீட்சையில் 650-க்கும் 750-க்கும் நூறு மார்க்குதான் வித்தியாசம். கடன் மதிப்பெண்ணில் வாய்ப்பு விகிதம் பெருக்கலில் ஏறும். இத்தனை புள்ளி கூடினால், தவறுபவர் ஒருவருக்கு எத்தனை பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்பது இரட்டிப்பாகும் என்று அமைப்பது வழக்கம். உதாரணத்துக்கு 20 புள்ளிக்கு இரட்டிப்பு என்றால் நூறு புள்ளியில் ஐந்து முறை இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு.

இந்தக் கணக்கின் பூர்வீகம் ஒரு பூ. 1936-ல் ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஐரிஸ் பூக்கள் 150-ஐ எடுத்துக்கொண்டார். மூன்று இனம், ஒவ்வொன்றிலும் ஐம்பது. இதழின் நீள அகலங்களை மட்டும் வைத்து, கண்ணால் பார்க்காமலே எந்தப் பூ எந்த இனம் என்று பிரிக்க ஒரு கோடு போடும் வழியைச் சொன்னார். ஐந்து ஆண்டு கழித்து, 1941-ல், அமெரிக்காவில் டேவிட் டூராண்ட் அதே வழியைத் தவணைக் கடன்கள் மேல் வைத்துப் பார்த்தார்: இதழுக்குப் பதில் கடனாளியின் வேலை, அந்த வேலையில் இருந்த காலம், சொத்து. பூ பிரிந்தது போல ஆட்களும் ஓரளவு பிரிந்தார்கள். 1956-ல் பில் ஃபேரும் ஏர்ல் ஐசக்கும் இதையே தொழிலாக்கினார்கள். ஃபிஷரின் பூக்கட்டுரை வெளிவந்த இதழ், மனித இனத்தைத் தரம் பிரித்து மேம்படுத்தலாம் என்று நம்பியவர்களின் இதழ் என்பதை நான் சும்மா சொல்லிவைக்கிறேன். பூவை அளந்த கோல் ஆள் மேல் பாய்ந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை.

இந்தியாவுக்கு இது தாமதமாக வந்தது. சிபில் 2000-ல் தொடங்கப்பட்டது, 2005-ல் கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள். மக்கள் வாயில் நான்குக்கும் சேர்த்து ஒரே பெயர்தான். 'சிபில் அடி வாங்கிடுச்சு' என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த ஞாபகப் புத்தகம் இல்லாமல் இருந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கும் ஆந்திரமே சாட்சி. 2010-க்கு முந்தைய சில ஆண்டுகளில் பிரிக்கப்படாத ஆந்திரத்தின் கிராமங்களில் சிறுகடன் நிறுவனங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஏற்கெனவே அங்கே டுவாக்ரா மகளிர் குழுக்கள் வங்கிக் கடனோடு இருந்தன. ஒரே பெண்ணுக்கு நான்கு நிறுவனம் கடன் கொடுத்திருக்கும். ஒன்றின் நோட்டு மற்றொன்றுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை வசூலுக்குத் திங்கட்கிழமை கடன். தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் சிறுகடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. நூற்றுக்கு நூறை ஒட்டி இருந்த வசூல் சில மாதங்களில் பத்து சதவீத அளவுக்கு விழுந்தது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி, ஒரே ஆளுக்கு இரண்டுக்கு மேல் சிறுகடன் நிறுவனங்கள் கொடுக்கக் கூடாது, கடன் தகவல் நிறுவனத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றது. ஞாபகமே இல்லாத சந்தை ஏழையிடம் கருணையாக நடந்துகொள்ளும் என்று நினைப்பவர்கள் அந்த இரண்டு ஆண்டுச் செய்தித்தாள்களைப் புரட்டலாம்.

ஆனால் ஞாபகம் யாருடையது என்று சரியாகத் தெரிய வேண்டுமே. சித்தூர், திருப்பதிப் பக்கம் இது சாதாரணச் சிக்கல் இல்லை. ஏழுமலையான் காலடியில் பிறந்தவர்களுக்கு அவர் பெயரைத் தவிர வேறு பெயர் வைப்பார்களா? வெங்கடேசன், வெங்கடேசுலு, வெங்கடேஸ்வர்லு, சீனிவாசன், சீனிவாசுலு, பாலாஜி, கோவிந்தன், கோவிந்தம்மா. அப்பா பெயரும் அதே பட்டியலில் இருந்துதான் வரும். தெலுங்குக் குடும்பத்தில் வீட்டுப்பெயர் முன்னால் நிற்கும். புத்தூர், நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்கும். ஒரே ஆள் ரேஷன் அட்டையில் ஒரு விதம், பான் அட்டையில் ஒரு விதம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஷ'வுக்கும் 'ஸ'வுக்கும் அவரவர் விருப்பம்.

கணினி இதை எப்படிச் சமாளிக்கிறது? பெயர் ஒலிப்பதை வைத்து ஒன்றாகக் கட்டும் முறைக்கு 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். எழுத்துப்பிழை ஒன்றிரண்டு இருந்தாலும் இரண்டு சொல் எவ்வளவு நெருக்கம் என்று அளக்கும் முறையை 1965-ல் ரஷ்யாவின் லெவன்ஷ்டைன் கொடுத்தார். பெயர், பிறந்த தேதி, முகவரி, பான் எண் என்று ஒவ்வொன்றின் பொருத்தத்துக்கும் எடை போட்டுக் கூட்டி இவர்தான் அவர் என்று முடிவு செய்வது பொதுவான வழி. அரிதான பெயர் பொருந்தினால் எடை அதிகம், சாதாரணப் பெயர் பொருந்தினால் குறைவு. உலகத்துக்கு 'வெங்கடேசுலு' அரிதான பெயர். ரேணிகுண்டாவில் அது பெயரே இல்லை, கிட்டத்தட்ட ஒரு மரியாதைச் சொல். எடையைத் தப்பாகப் போட்டால் ஒருவர் வாங்காத டிராக்டர் கடன் அவர் அறிக்கையில் வந்து நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும். மதிப்பெண்ணைப் பார்ப்பதை விட, கணக்குகளின் பட்டியலில் நமக்குத் தெரியாத வங்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது உதவும்.

நம் கார்க்காரரிடம் திரும்புவோம். 2022-ல் அவருக்கு ஒரு போன் வந்தது. பாக்கி 1,40,000. எண்பதாயிரம் ஒரே தடவையில் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்றார்கள். மனைவியின் வளையலை வைத்துக் கட்டினார். கடன் தீர்ந்தது என்று மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூன்று ஆண்டு கழித்து சொந்தக் கார் வாங்கப் போனால், அறிக்கையில் அந்தக் கணக்கு 'முடிந்தது' என்று இல்லை, 'செட்டில்டு' என்று இருக்கிறது. இங்கேதான் மக்கள் ஏமாந்துபோகிறார்கள். வங்கியின் மொழியில் செட்டில்மென்ட் என்றால் முழுதும் வரவில்லை, வந்தது போதும் என்று விட்டோம் என்று பொருள். எதிர்கால ஊகம் செய்யும் எந்திரத்துக்கு அது தழும்பு. 'ரைட் ஆஃப்' இன்னும் மோசம். எழுதித் தள்ளியது என்றால் வங்கி தன் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொண்டது, அவ்வளவுதான். கடனாளிக்குத் தள்ளுபடி ஆகவில்லை, கேட்டு வரும் உரிமை அப்படியே இருக்கிறது.

கடன் வேறு, கடனின் ஞாபகம் வேறு. இரண்டுக்கும் ஆயுள் வேறு வேறு. சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புரோநோட்டுக்குக் கடன் கொடுத்தவர் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் வீடு தேடி வருவார். 'நோட்டை மாத்தி எழுதிக் குடுப்பா.' ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் குறுக்காகக் கையெழுத்து. காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டு தாண்டினால் வழக்குப் போட முடியாது என்பது எழுதப் படிக்கத் தெரியாத கிழவருக்கும் தெரியும். அதற்குள் பாக்கி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. அதைவிட வேடிக்கை, காலம் போன பிறகும் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். செத்த கடன் எழுந்து உட்காரும். பழைய கடனுக்கு இன்று திடீரென்று யாராவது காகிதம் நீட்டினால், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பேனாவை எடுக்கக் கூடாது என்பது இதனால்தான். ஆனால் வழக்குக் காலம் முடிந்ததற்காகக் கட்டங்கள் அழிவதில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு ஆண்டு பதிவை வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

எத்தனை நாள் ஞாபகம் வைக்கலாம் என்பதை எந்தச் சமூகமும் கணக்குக்கே விட்டுவிட்டதில்லை. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த 1938-ல், ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு நிலுவையில் இருந்த வட்டி முழுதும் போனது. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அசலும் சேர்ந்து தீர்ந்தது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற பழைய தர்மசாஸ்திர நினைப்பு அதற்குள் இருந்தது. வட்டி காசுலவாடு மட்டும் விவசாயியாக இருந்திருந்தால் குபேரன் அன்றோடு கணக்கை மூடியிருக்க வேண்டும்.

மறதிக்கும் விலை உண்டு. அமெரிக்காவில் திவாலானவரின் பதிவு பத்து ஆண்டில் அறிக்கையிலிருந்து நீங்கும். டேவிட் மஸ்டோ என்ற ஆய்வாளர் நீங்கியதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தார். மதிப்பெண் சட்டென்று ஏறியது, புதுக் கடன்கள் வந்தன, நாளடைவில் மதிப்பெண், முழுத் தகவலை வைத்து எதிர்பார்த்திருக்கக்கூடியதற்கும் கீழே போனது. இதைக் காட்டி மறக்கவே கூடாது என்று வாதிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை. சராசரியில் சரியான ஊகம், ஊர் மூடிய ஆண்டில் தவறிய ஒருவருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உண்மையான குறையைக் காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பொய். தகவல் நிறுவனத்தால்கூடத் தானாக ஒரு கட்டத்தை மாற்ற முடியாது, கடன் கொடுத்தவர் ஒப்ப வேண்டும். நம் ஆளுக்கு ஒரு வழி இருக்கிறது. விட்டுக்கொடுத்த அறுபதாயிரத்தையும் கட்டிவிடுகிறேன், 'முடிந்தது' என்று மாற்றித் தாருங்கள் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம். ஒப்பினால் கட்டும் முன்பே அந்த ஒப்புதல் கையில் வேண்டும், கட்டிய பின் நிலுவை இல்லை என்ற கடிதம் கணக்கு எண்ணோடு வேண்டும். வங்கிகள் 2025 தொடக்கத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால் மாற்றம் முன்பு போல மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது.

இழுத்தால், தகவல் நிறுவனத்திடம் புகார் போடலாம். 30 நாளில் தீர்க்க வேண்டும். தவறினால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் சொன்னது, 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். நூறு ரூபாய் பெரிய காசு இல்லை, மலைக்கு ஒரு சவாரி போய்வர டீசலுக்குக்கூடக் காணாது. இருந்தாலும் புகார் எண்ணையும் தேதியையும் டைரியில் குறித்துவைத்துக்கொண்டு, முப்பதாம் நாளுக்கு மறுநாளிலிருந்து அவரும் கட்டம் போட்டு எழுத ஆரம்பிக்கலாம்: 031, 032, 033.